‘றொக்கி மவுண்டன் ஹை’ போதைப்பாடல் அன்று

அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் 1972இல் வெளியிட்ட ‘றொக்கி மவுண்டன் ஹை’ போதைப்பொருளைப் போற்றும் பாடல் என்று ஒருவர் எழுதியுள்ளதைக் கொழும்பு நண்பர்கள் பலர் பகிர்ந்து வருகின்றனர். ‘ஹை’ என்னும் ஆங்கிலச் சொல் உயரத்தோடு போதை மயக்கத்தையும் குறிப்பதாலும், அன்றைய அமெரிக்க வானொலி நிலையங்கள் சிலவும் அவ்வாறே கருதி அதனை ஒலிபரப்பாது தவிர்த்தன என்பதாலும், இவ்வெண்ணம் வியப்புக்குரியதன்று. ஆயினும், 1985 செப்டெம்பர் 19 அன்று அமெரிக்க செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்த டென்வர், அவ்விளக்கத்தை மறுத்து, மலையில் நண்பர்களுடன் கூடாரமிட்டுத் தங்கி, நிலவும் முகிலும் இல்லாத இரவில் பெர்சியிட் எரிகல் பொழிவைக் காணும் களிப்பையே அப்பாடல் குறிக்கிறது என்று தெளிவாக எடுத்துரைத்தார். அவ்விசாரணையின் எழுத்துப் பதிவும் காணொளியும் இணையத்தில் உள்ளமையால், அவருடைய பெயரையும் அத்திகதியையும் இட்டுத் தேடி எவரும் சரிபார்க்கலாம்.