வெனிஸுக்கு அரை நாளா?

ஐரோப்பா டூர் கம்பெனிகள் கையில் கொடுக்கும் அந்தப் பளபள அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். காலை உணவுக்குப் பின் வெனிஸ், படகில் பயணம், செயின்ட் மார்க் சதுக்கம், பெருமூச்சுப் பாலம், கண்ணாடி ஊதும் கலை, இரவு இந்திய உணவு. எத்தனை மணி நேரம் என்று மட்டும் எங்கேயும் இருக்காது. போட்டால் எவன் பணம் கட்டுவான்?

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். அப்பா வரலாற்று வாத்தியார். சொந்த ஊர் பழையகாயலுக்குப் பக்கம். வெனிஸ்காரர் மார்க்கோ போலோ வந்து இறங்கியதாகச் சொல்லும் காயல் துறைமுகம் அங்கேதான் இருந்தது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். பாண்டிய நாட்டு ராஜா இடுப்புத் துணியோடு இருந்தாலும் கழுத்தில் முத்தும் மாணிக்கமுமாக 104 கல் கோத்துப் போட்டிருந்தது, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கி, வளர்க்கத் தெரியாமல் சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டுச் சாகவிட்டது, முத்துக் குளிப்பவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரம் போட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலி. எல்லாம் மனப்பாடம். வெனிஸ் தங்கக் காசு நம் பக்கமும் புழங்கியிருக்கிறது. அதில் சிலுவைக் கொடிக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் அவர்கள் ஊர்த் தலைவரைப் பார்த்து, பனையேறுகிற ஆள் என்று நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டதைச் சொல்லும்போது அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த மனுஷருக்கு இவர்கள் கொடுத்தது அரை நாள். அதிலும் பாதியைத் தின்றுவிட்டார்கள்.

முதலில் தங்கல். 'வெனிஸில் தங்கல்' என்று அச்சடித்திருக்கும் ஓட்டல், கடலுக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில், லாரிகள் போகிற சாலையோரம். சண்டை போட்டும் பயனில்லை. நிர்வாகக் கணக்கில் மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிதான். சட்டப்படி பொய் இல்லை பாருங்கள், அந்தச் சாமர்த்தியத்தைத்தான் பாராட்ட வேண்டும்! அங்கிருந்து பஸ்ஸில் துரோன்கெட்டோ படகுத்துறை, அங்கே படகுக்கு வரிசை, படகில் அரை மணி. நகரத்தில் கால் வைக்கும்போதே வெயில் உச்சிக்கு வந்தாயிற்று.

அப்புறம், பின்னால் வரச் சொல்லி மேனேஜர் தூக்கிப் பிடிக்கும் கொடி. ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் போகக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று 2024இல் வெனிஸ்காரர்கள் விதி போட்டுவிட்டார்கள். நியாயமான விதி. அந்தச் சந்துகளில் நாற்பது ஐம்பது பேராகப் போய் நின்றால் உள்ளூர்க்காரர் வீட்டு வாசலைக் கடக்க முடியாது. எங்கள் டூர் மேனேஜர் எங்களை இரண்டாகப் பிரித்தார். இரண்டு கொடி, இரண்டுக்கும் நடுவே பத்தடி இடைவெளி. விதி நிறைவேறியது. சந்து அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

டோஜ் என்கிற அந்தக் கால ஊர்த் தலைவரின் அரண்மனை? 'வெளியிலிருந்து பார்வை'. செயின்ட் மார்க் தேவாலயம்? அதுவும் வெளியிலிருந்து. 1902இல் இடிந்து விழுந்து, 1912இல் பழையபடியே கட்டி எழுப்பிய மணிக்கூண்டு? அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நகர உலா'.

ஆனால் கண்ணாடிக் கடைக்குள் மட்டும் அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் எண்ணி அனுப்பினார்கள். ஒருத்தர் உலையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து இழுத்து முறுக்கி ஒரு நிமிஷத்தில் குதிரை பண்ணினார். கைதட்டல். உடனே பக்கத்து அறைக் கதவு திறந்தது: விற்பனை. கோப்பை, சரவிளக்கு, கழுத்து மாலை, 'உங்களுக்காக மட்டும்' தள்ளுபடி, 'வீட்டுக்கே அனுப்புகிறோம்'. ஜெய்ப்பூரில் கம்பளக் கடைக்கு ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு போவாரே, அதே கூத்து, இங்கே யூரோவில். கமிஷன் இல்லாமலா இவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள்?

அப்பா என் காதில் கேட்டார்: "ஏம்மா, தீப்பிடிக்கும்னு பயந்து 1291லேயே உலையெல்லாம் முரானோ தீவுக்கு மாத்திட்டானுவளே, இது எப்படி இங்க இருக்கு?" கேள்வியை மேனேஜரிடம் கொண்டுபோனேன். "அங்கிள், அது டெமோ" என்றார்.

வெளியே வந்தால் 'ஃப்ரீ டைம்', முக்கால் மணி நேரம். அதில்தான் கழிப்பறை, அதில்தான் ஐஸ்கிரீம், அதில்தான் போட்டோ. முட்டி வலிக்கிற பெரியவர் உட்காரலாம் என்றால் படிக்கட்டில் உட்கார அபராதம். 2019இல் ரியால்டோ பாலத்துப் படியில் அடுப்பு வைத்துக் காபி போட்ட ஜெர்மன்காரர் இருவருக்கு 950 யூரோ தீட்டி ஊரை விட்டே அனுப்பினார்கள். ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் 2022இல் ஐம்பதாயிரம் பேர்கூட மிச்சமில்லை. காலையில் வந்து சாயங்காலம் போகிற கூட்டத்துக்கு 2024இல் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தை உண்டாக்குவதே இந்த அரை நாள் வியாபாரம்தான். எங்களைப் போல மெஸ்த்ரேயில் படுக்க வைக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டணம்கூடக் கிடையாது, மாநகராட்சி எல்லைக்குள் தங்கினால் விலக்கு!

இதில் என்னால் பொறுக்கவே முடியாதது வேறு. மார்க்கோ போலோ குடும்பம் வாழ்ந்த இடம், 'கோர்தே செகோந்தா தெல் மிலியோன்' என்கிற சின்ன முற்றம், சதுக்கத்திலிருந்து பத்து நிமிஷ நடை. வீடு எரிந்துபோய்விட்டது, அந்த இடத்தில் நாடக அரங்கு நிற்கிறது. ஆனால் பழைய பைசாந்தியக் கல் வளைவு இன்னும் இருக்கிறது, சுவரில் கல்வெட்டும் இருக்கிறது. டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. அப்பா ஐரோப்பாவுக்கு வரச் சம்மதித்ததே அதற்காகத்தான். கிளம்புவதற்கு முன்பே கம்பெனியிடம் சொன்னேன், "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்றார்கள். அங்கே போய்க் கேட்டால் மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். "அங்கிள் மெதுவா நடக்கிறார், படகு விட்டுடும். அங்க பார்க்க ஒண்ணும் இல்ல மேடம்."

ஒண்ணும் இல்லையாம்! கண்ணாடிக் குதிரைக்கு நேரம் இருந்தது. கோண்டோலா படகுக்கு நேரம் இருந்தது, ஏனென்றால் அதற்குத் தலைக்குத் தனிக் காசு. பகலில் அரை மணிக்கு முழுப் படகுக்கே 90 யூரோதான் நகரம் நிர்ணயித்த கட்டணம். ஐந்து பேரை ஏற்றிவிட்டு எங்களிடம் வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால் மீதி எங்கே போனதோ.

ஏன் அவ்வளவு அவசரம் தெரியுமா? இந்திய டின்னர். பனீர் பட்டர் மசாலாவும் ஜீரா ரைஸும் ஆறிவிடுமாம். சதுக்கத்து ஓரத்தில் நிற்கும் மார்ச்சானா நூலகத்தில்தான் 1324ஆம் ஆண்டின் மார்க்கோ போலோ உயில் இருக்கிறது என்று அப்பா யாரோ ஒரு குஜராத்திப் பையனுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது கொடி உயர்ந்துவிட்டது. பாதியில் நிறுத்தினார்.

ஊருக்கு வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் கருத்துப் படிவம் வந்தது. உணவு எப்படி, ஓட்டல் எப்படி, மேனேஜர் எப்படி, எத்தனை நட்சத்திரம்? ஊர் எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. உணவுக்கு ஐந்து கொடுத்துவிட்டு, குறிப்புப் பெட்டியில் இதையெல்லாம் எழுதினால் 'எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்' என்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து பணம் கட்டப் போகிறவர்கள், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம், எதற்கெல்லாம் உள்ளே அனுமதி, எத்தனை கடை என்று எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.