திரைக்குப் பின்னால் இன்னொரு குரல்

நேற்று ராத்திரி ‘சிங்கின் இன் தி ரெயின்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 1952இல் எம்ஜிஎம் என்கிற ஹாலிவுட் ஸ்டுடியோ எடுத்தது, ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. இந்தப் படம் என்றாலே எல்லோரும் கெல்லி குடையோடு மழையில் ஆடுகிற பாட்டைத்தான் சொல்வார்கள். 103 டிகிரி காய்ச்சலோடு ஆடியிருக்கிறார், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் பேச வந்தது இதே படத்தில் நடித்த ஜீன் ஹேகனைப் பற்றி.

கதை நடப்பது 1927இல். ‘தி ஜாஸ் சிங்கர்’ என்கிற பேசும் படம் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, அதுவரை ஊமைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்கள் அலறியடித்துக்கொண்டு பேசும் படத்துக்கு மாறுகின்றன. லீனா லமான்ட் பெரிய நட்சத்திரம். முகம் அவ்வளவு அழகு, வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணியால் கீறுகிற குரல். அந்த லீனாதான் ஹேகன்.

மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைத்துப் படம் எடுக்கிற காட்சி ஒன்று போதும். லீனா செடிப் பக்கம் திரும்பினால் குரல் கேட்கிறது, அந்தப் பக்கம் திரும்பினால் காணாமல் போகிறது, இயக்குநர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. செடியோடு எப்படிக் காதல் பண்ணுவது என்று அவள் கேட்கிறாள், நியாயமான கேள்விதானே? சரி என்று மைக்கை உடுப்பிலேயே தைத்துவிடுகிறார்கள், இப்போது வசனத்தைவிட அவள் நெஞ்சு துடிக்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. அப்புறம் ஸ்டுடியோ முதலாளி உள்ளே வந்து, இதென்ன ஒயர் வழியில் கிடக்கிறது என்று பிடித்து இழுக்க, லீனா கவிழ்ந்து விழுகிறாள். இவ்வளவுக்கும் ஹேகன் ஒரு நொடிகூட ‘பாருங்கள், நான் காமெடி பண்ணுகிறேன்’ என்று காட்டிக்கொள்வதே இல்லை. லீனா தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்று மனதார நம்புகிறாள், சிரிப்பே அதில்தான் வருகிறது. துணை நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைத்தார்கள், கொடுக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. படத்தில் கேத்தி என்கிற புதுப் பெண், லீனாவுக்குத் திரைக்குப் பின்னால் குரல் கொடுக்கிறாள். கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ், அப்போது 19 வயது. அந்த டப்பிங் காட்சியில் கேத்தி பேசுவதாக நாம் கேட்கிற வசனம் டெபியின் குரலே இல்லை. ஹேகன் தன் சொந்தக் குரலில் பேசியது! ஹேகனுக்கு டெபி குரல் கொடுப்பதாகக் காட்டிவிட்டு, டெபிக்கு ஹேகன் குரல் கொடுத்திருக்கிறார். அவ்வளவு இதமான குரலை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷி படம் முழுக்கக் கிறீச்சிட்டிருக்கிறார். சரி, லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாகக் காட்டுகிற ‘வுட் யூ’ பாட்டு? அதுவும் டெபி பாடியதில்லை, பெட்டி நோய்ஸ் என்கிற பாடகி பாடியது.

கடைசியில் மூன்று ஆண்கள் சேர்ந்து கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்குகிறார்கள், லீனாவுக்குப் பின்னால் நின்று பாடுகிற கேத்தி அரங்கம் முழுக்கத் தெரிகிறாள். நீங்கள் ரசித்த குரல் இவளுடையதுதான் என்று கெல்லி பேர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடும். இப்படி ஒரு கதையை எழுதி, ஆடி, பாடிப் படமாக்கினவர்கள், நிஜத்தில் திரைக்குப் பின்னால் நின்ற பெட்டி நோய்ஸின் பேரை டைட்டிலில் போடவே இல்லை. ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம்.