சிரக்கூஸ் விழுந்த பழியை ஆர்க்கிமிடீஸ் மேல் போடாதீர்கள்

சிசிலித் தீவின் கிரேக்க நகரம் சிரக்கூஸ். அதைக் காக்கப் போர் இயந்திரங்கள் செய்து கொடுத்த ஆர்க்கிமிடீஸைக் கிண்டலடித்து நேற்றிலிருந்து சுற்றும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "அவ்வளவு பெரிய ஆள் இருந்தும் ரோமானியர்கள் ஊரைப் பிடிச்சுட்டாங்களே, அப்புறம் என்ன பெரிய இயந்திரம்?" என்று கேட்கிறார்கள். கீழே அத்தனை கைதட்டல். மனசு ஆறவில்லை.

அந்த இயந்திரங்கள் தோற்கவே இல்லை. கி.மு. 213இல் ரோமத் தளபதி மார்செல்லஸ் 60 போர்க்கப்பல்களோடு கடல் பக்கம் வந்தார். அதில் எட்டை இரண்டிரண்டாகக் கட்டி, மேலே சாம்புகா என்ற ஏணியை ஏற்றியிருந்தார்கள். நாலடி அகலம், மதிலளவு உயரம். பாய்மர உச்சியில் கப்பி, அதில் ஓடும் கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்தால் ஏணி எழும்பும். நுனி மேடையில் நாலு வீரர்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏணி நெருங்கும் நேரம் பார்த்து மதிலுக்கு வெளியே ஒரு உத்திரம் நீளும், பத்து தாலந்துக் கல் விழும். சுமார் 260 கிலோ! ஏணியும் போச்சு, கப்பலும் ஆட்டம் கண்டது. இன்னொரு பக்கம், சங்கிலியில் தொங்கும் இரும்புக் கை கப்பலின் மூக்கைப் பிடிக்கும். உள்ளே நெம்புகோலை அமுக்கினால் கப்பல் செங்குத்தாக நிற்கும். சங்கிலியை விட்டால் கவிழும், இல்லை தண்ணீர் புகும்.

நிலப்பக்கம் தாக்கிய இன்னொரு ரோமத் தளபதி அப்பியஸ் கிளாடியஸுக்கும் அடிதான். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், மதிலை நேராகத் தாக்க மட்டும் துணியவில்லை.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர். "பாலிபியஸ் கிரேக்கர், ஊதித்தான் எழுதியிருப்பார்" என்பீர்கள். ரோமப் பிரபுக்களோடு பழகி எழுதியவருக்கு ரோமப் படையைச் சிறுமைப்படுத்த என்ன அவசியம்? ஊதியவர்கள் பின்னால் வந்தவர்கள். கண்ணாடியால் கப்பலை எரித்த கதை பாலிபியஸிடமும் இல்லை, ரோம வரலாற்றாசிரியர் லிவியிடமும் இல்லை.

பின்னே ஊர் எப்படிப் போச்சு? கைதி மீட்புப் பேச்சு மதிலின் கலியாக்ரா கோபுரத்தருகே நடந்தபோது, ஒரு ரோமானியர் மதிலின் கல்வரிசைகளை எண்ணி உயரத்தைக் கணக்குப் போட்டார். நினைத்ததைவிடத் தாழ்வு, சாதாரண ஏணியே போதும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கி.மு. 212இல் ஆர்ட்டெமிஸ் திருவிழா வந்தது, மூன்று நாள். உணவுக்குத் தட்டுப்பாடான ஊரில், அதன் காவலுக்குப் பொறுப்பான தளபதி எபிகிடீஸ் மதுவைத் தாராளமாக ஊற்றிக் கொடுத்தார். காவலர்கள் கோபுரத்திலேயே குடித்துச் சரிந்து கிடந்தார்கள். கல்லெறியும் பொறி தானாகவா எறியும்?

ஊரின் யூரியலஸ் கோட்டையை அதன் பொறுப்பிலிருந்த பிலோடெமஸ் ரோமானியர்களிடம் ஒப்படைத்தார். உதவிக்கு வந்த, ரோமின் எதிரியான கார்த்தேஜ் படையைக் கொள்ளைநோய் தின்றது. எபிகிடீஸ் அக்ரிஜென்டம் என்ற வேறு ஊருக்கு ஓடினார். கடைசி வாசலைத் திறந்துவிட்டது மோயரிகஸ், சிரக்கூஸ் பக்கம் இருந்த கூலிப்படைத் தலைவன். இதில் எது ஆர்க்கிமிடீஸ் செய்த தப்பு?

கொள்ளையின் நடுவே ஒரு சிப்பாய் அவரை வெட்டிப் போட்டான். மார்செல்லஸ் வருந்தி முறையாக அடக்கம் செய்தார், உறவினர்களைத் தேடிப் பாதுகாத்தார். ஊரைப் பிடித்த எதிரியே மதித்த மனுஷன் அவர். வீடியோவைத் திருத்திப் போடுங்கள். முடியாதென்றால் எபிகிடீஸ் பெயரையாவது அதில் சொல்லுங்கள்.