குணம் கல்வெட்டு அல்ல

முப்பது வயது தாண்டினால் குணம் மாறாது, வேலை ஆளை மாற்றுவதில்லை, சிடுமூஞ்சிதான் சிடுசிடுக்க வைக்கும் வேலையில் போய்ச் சேருவார் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது பாதிதான் சரி. ஒருதரம் மட்டும் அளந்தால் குணமா வேலையா, எது முந்தியது என்று பிடிபடாது. ஆய்வாளர்கள் மெல்வின் கோனும் கார்மி ஸ்கூலரும் 1964 இல் பேட்டி கண்ட அமெரிக்க ஆண்களில் ஒரு பகுதியினரை 1974 இல் திரும்பவும் கண்டார்கள்; சிக்கலான வேலை சிந்தனை நெகிழ்வை, அதாவது ஒரு விஷயத்தைப் பல பக்கமும் யோசிக்கும் திறனை, கூட்டியது; நெகிழ்வுள்ளவர்கள் சிக்கலான வேலைக்கு நகர்ந்ததும் உண்டு, ஆனால் அது மெதுவாக. சம்பளம்தான் ஆளை மாற்றுகிறது என்பவர்களுக்கு: இந்த ஆய்வாளர்கள் முக்கியமாகப் பிடித்தவை வேலையின் சிக்கல், மேற்பார்வையின் நெருக்கம், ஒரேமாதிரித்தனம். திருகோணமலையில் கரையில் நின்று இழுக்கும் கரைவலையிலேயே பாருங்கள், நீரோட்டம் பார்த்து வலை வளைக்க நேரம் சொல்பவர் ஒருவர், கயிறு இழுப்பவர்கள் பலர். வெயில் ஒன்றுதான், தீர்மானம் ஒருவர் கையில். இழுப்பவரைப் பொறுப்பில்லாதவர் என்று ஏசுவது லேசு! இங்கே இதை அளக்க நினைப்பவர்கள் இரண்டு தடவையும் ஒரே பருவத்தில், சில வருட இடைவெளியில் அளக்கவேண்டும். முதல் அளவை கடல் அமைதியான மாதத்திலும் அடுத்ததை வாடைக்காலத்திலும் எடுத்தால், கரையில் வலை கிடக்கும் நாட்களின் கடன் கவலை குணமாற்றம் என்று பதிவாகிவிடும்.