ஜிடிஏ டிரைலஜியும் ஒரு மார்க் லிஸ்ட்டும்

ஜிடிஏ டிரைலஜின்னா மூணு பழைய ஜிடிஏ வீடியோ கேமை புதுசாக்கி ஒண்ணா வித்த தொகுப்பு, பேரு 'டெஃபினிட்டிவ் எடிஷன்'. அதை எந்த மெஷின்ல வாங்குனா லாபம்னு எங்க கேமிங் குரூப்ல ஒரு அண்ணன் மார்க் லிஸ்ட் போட்டார். அந்த மார்க் லிஸ்ட்டை இன்பாக்ஸ்ல அனுப்பறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க மக்களே. பாத்துட்டேன். கீழ இருந்த கமெண்ட்டையும் ஒண்ணு விடாம படிச்சுட்டேன். பிசிக்கு பத்துக்கு ஒம்பதரை, பிளேஸ்டேஷன் 5-க்கு (பிஎஸ்5) ஏழு, பிஎஸ்4-க்கு நாலு, நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு ரெண்டு. ஃபோனுக்கு மார்க்கே கிடையாது, "பிச்சைக்காரன் எடிஷன்"னு எழுதி ஒரு சிரிப்பு பொம்மை. நான் ஏன் குரூப்பை விட்டு வெளிய வந்தேன்னு கேட்டீங்க இல்ல, உக்காந்து படிங்க. கொஞ்சம் நீளம்.

டெஃபினிட்டிவ் எடிஷன்ல இருக்கறது மூணு கேம். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ். 2021 நவம்பர் 11 வந்தப்ப பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாத்துக்கும் அமெரிக்காவுல ஒரே விலை, 60 டாலர். சரக்கு ஒண்ணு, விலை ஒண்ணு, அப்போ எதுல பளிச்சுன்னு தெரியுதோ அதுதான் லாபம்னு அண்ணன் கணக்கை முடிச்சுட்டார். லாபம் யாருக்குன்னுதான் நான் அங்க கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. எந்த மெஷின்ல நல்லா இருக்குங்கறது ஒரு கேள்வி, கொடுத்த காசு எங்க வசூலாகுதுங்கறது வேற கேள்வி. ரெண்டாவது கேள்விக்கு ஆள் தெரியாம, வீடு தெரியாம மார்க் போட முடியாது.

சரி, ஒம்பதரை வாங்குன பிசியையே எடுத்துக்குவோம். வெளியான அன்னிக்கே, பிசியில கேமைத் திறக்கற ராக்ஸ்டார் கம்பெனியோட லாஞ்சர் படுத்துடுச்சு. அது எழுந்து உக்காந்தப்புறமும் டிரைலஜியை மட்டும் கடையில இருந்து தூக்கிட்டாங்க. உள்ள இருக்கக்கூடாத ஃபைல் எல்லாம் சேந்து போயிடுச்சாம். முதல் நாளே காசு கட்டுனவன் டெஸ்க்டாப்பை வெறிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நாலு மார்க் பிஎஸ்4-காரன் தடுமாறிக்கிட்டாவது சான் ஆண்ட்ரியாஸோட க்ரோவ் ஸ்ட்ரீட்ல சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தான். இது வர்றதுக்கு முன்னாடியே பழைய மூணு கேமையும் டிஜிட்டல் கடைங்கள்ல இருந்து எடுத்துட்டாங்க, நினைவிருக்கா? ஊரே திட்டுனப்புறம் மன்னிப்புக் கேட்டு, பழசை பிசிக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க. டெஃபினிட்டிவ் எடிஷன் ஸ்டீமுக்கு, அதான் பிசி கேம் விக்கற ஆன்லைன் கடைக்கு, வந்து சேந்ததே 2023 ஜனவரியிலதான். இதுக்கெல்லாம் எத்தனை மார்க் கழிச்சார்னு லிஸ்ட்டுல தேடிப் பாத்தேன். கிடைக்கல.

தரம் தரம்னு குதிக்கறாங்க. சான் ஆண்ட்ரியாஸ்ல அந்த 'டஃப் நட்' டோனட் கடை தெரியும் இல்ல? கடைக்கு மேல பெருசா ஒரு இரும்பு நட்டு நிக்கும், ஸ்பானர் போடற ஆறு பட்டை நட்டு. வந்த புதுசுல டெஃபினிட்டிவ் எடிஷன்ல அதோட மூலையெல்லாம் மழுங்கி, வழவழன்னு வட்டமா நின்னுச்சு. மெஷினே பாத்து மெருகேத்துனதாம்! இது எல்லா பிளாட்ஃபார்ம்லயும் இருந்துச்சு. 4கே-ல வட்டம் இன்னும் தெளிவா தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்போ மழை பேஞ்சா கண்ணுக்கு முன்னாடி வெள்ளை வெள்ளையா கோடு. சிலியாட் மலை மேல ஏறி நின்னா மொத்த ஊரும் பக்கத்துத் தெரு மாதிரி தெரிஞ்சுச்சு. பழசுல மூடுபனி மறைச்சு வெச்சதாலதான் அது ஒரு மாநிலம் மாதிரி இருந்துச்சு. இதை நொடிக்கு 60 ஃபிரேம்ல பாத்தா மட்டும் மலை தள்ளிப் போயிடுமா?

இப்ப "பிச்சைக்காரன் எடிஷன்" கதைக்கு வரேன். 2023 டிசம்பர் 14, ஃபோனுக்கு வந்துச்சு, அப்போ நெட்ஃபிளிக்ஸ் சந்தா இருந்தா தனியா காசு கூட கட்ட வேண்டியதில்லாம இருந்துச்சு. அந்த மொபைல் வேலையை செஞ்சது வேற டீம், வீடியோ கேம்ஸ் டீலக்ஸ். பழைய வானத்தோட நிறம், அந்த ஆரஞ்சு அந்தி வெளிச்சம், எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்தாங்க. அதே வெளிச்சம் பிசிக்கும் கன்சோலுக்கும் அப்டேட்டா வந்தது எப்போ? 2024 நவம்பர்ல. ஏறக்குறைய ஒரு வருஷம், ஒம்பதரை மார்க் மெஷினை விட உடைஞ்ச ஃபோன்ல வானம் நல்லா இருந்துச்சு சார்.

உடைஞ்ச ஃபோன்னு நான் சும்மா சொல்லல. அக்கா பையன் ஆடுனது அதுலதான். பெங்களூரு மர்ஃபி டவுன்ல ஒரே ரூம் வீடு, எங்கம்மா ஒம்பது மணிக்கே படுத்துடுவாங்க, டிவி போடக்கூடாது, லைட்டும் கூடாது. அக்காவுக்கு நைட் ஷிஃப்ட். இவன் போர்வைக்குள்ள, ஒரு காதுல மட்டும் இயர்ஃபோன், இன்னொரு காது பாட்டி கூப்பிட்டா கேக்கறதுக்கு. கட்டை விரல் மறைக்கறதுல சான் ஆண்ட்ரியாஸ் ஹீரோ சிஜேவோட பாதி உடம்பு தெரியாது. 149 ரூபா மொபைல் பிளான், அதையும் அக்கா தனக்கு சீரியல் பாக்கப் போட்டது. மூணு பெரிய கேம். இந்த வீட்டுக்கு எந்த பிளாட்ஃபார்ம் லாபம்னு நீங்களே சொல்லுங்க. பையனுக்கு நான் இதை எழுதறது தெரியாது, தெரிஞ்சா "ஏன் மாமா வம்பு"ம்பான்.

நானும் அப்படி வந்தவன்தான். ஸ்ரீராம்புரம் பிரவுசிங் சென்டர்ல நேஷனல் மார்க்கெட் திருட்டு சிடியில வைஸ் சிட்டி ஆடுன தலைமுறை. அது ரிப் காப்பி. இடம் மிச்சம் பண்றதுக்கு ரேடியோவையே வெட்டி எடுத்திருப்பாங்க, கார்ல ஏறுனா மயான அமைதி. பின்னாடி வினாம்ப்ல ரஹ்மான் பாட்டைப் போட்டுக்கிட்டு ஓஷன் டிரைவ்ல வண்டி ஓட்டுவோம். இப்ப லைசென்ஸ் போனதால சில பாட்டு இல்லையேன்னு சிலர் கண்ணீர் விடறதைப் பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

"பிசியில மோட் இருக்கே, ரசிகர்களே கேமை மாத்தி மெருகேத்தறது"ன்னு வருவீங்க. வாங்க. இதை நான் மறுக்கவே மாட்டேன். பழைய சான் ஆண்ட்ரியாஸ் பிசியில இருந்தா, மோட் போட்டு ஆடுனா, அதுக்கு ஈடு இந்த டிரைலஜியோட எந்த வடிவமும் இல்ல. ஆனா அப்போ நீங்க மார்க் போடறது பழைய கேமுக்கு, அதை உயிரோட வெச்சிருந்த பசங்களோட உழைப்புக்கு. அந்த மோட் செஞ்சவங்க பின்னாடி 2021-லயே வக்கீல் நோட்டீஸோட போனது யாரு? இந்தத் தொகுப்பை வித்த அதே டேக்-டூ, ராக்ஸ்டாரோட தாய்க் கம்பெனி. அவங்க கெடுத்ததை ஊரான் சரி பண்ணுவான், அந்த மார்க்கும் தொகுப்புக்கே சேருமா? நல்ல நியாயம்.

"நெட்ஃபிளிக்ஸ் வாடகைதானே, சந்தா நின்னா கேம் போச்சே." ஆமாம், போச்சு. ஸ்விட்ச்சா? மங்கலா இருக்கும், நம்ம நாட்டுல நிண்டெண்டோ முறையா விக்கறதே இல்ல, கெடைக்கறது எல்லாம் இறக்குமதி சரக்கு. ஆனா ஒயிட்ஃபீல்டுல இருந்து மெட்ரோ பர்ப்பிள் லைன்ல தொங்கிக்கிட்டு, கையில வெச்சு ஆடிக்கிட்டு வர்றவனுக்கு அதுதான் ஒம்பதரை. விடுங்க.

டிஸ்க் பத்தி ஒருத்தர் கூட பேசல, அதுதான் ஆச்சரியம். இந்தத் தொகுப்பு டிஸ்க்கா வந்தது கன்சோலுக்குத்தான். பிசிக்கு டிஸ்க் கிடையாது. டிஸ்க்னா ஆடி முடிச்சுட்டு கடையில கொடுத்து வேற எடுக்கலாம், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கலாம், அவன் கீறல் போட்டுக் கொண்டு வந்தா திட்டலாம். நாலு மார்க் பிஎஸ்4 டிஸ்க் ஒண்ணு நாலு வீடு சுத்துனா, வீட்டுக்கு வீடு காசு வசூல். இன்னொண்ணு, பிஎஸ்2-ல சான் ஆண்ட்ரியாஸ்ல ரெண்டு பேர் சேந்து ஆடலாம், ஞாபகம் இருக்கா? டெஃபினிட்டிவ் எடிஷன்ல எந்த மெஷின்லயும் அது இல்ல. எனக்கு அந்தக் கேமோட மதிப்புல பாதி அங்கதான் இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரா ஒரே கட்டில்ல உக்காந்து ஆடுனது. அதுக்கு லிஸ்ட்டுல ஒரு கட்டம் கூட இல்ல.

கமெண்ட்ல ஒருத்தர், "வசதிக்கு ஏத்த மாதிரி ஆடிக்கோங்க சார், ஆனா ஒப்பிட வராதீங்க"ன்னு எழுதினார். அதுக்கு நம்ம லிஸ்ட் அண்ணன் ஹார்ட் போட்டிருக்கார். தெரியாத ஆள் எழுதறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த அண்ணன் முதல் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கறப்ப கம்ப்யூட்டர் சாமான் விக்கற எஸ்பி ரோடுல கடை கடையா கூட ஏறி இறங்குனவன் நான். பட்ஜெட் பத்தலைன்னு செகண்ட் ஹேண்ட் எடுத்து, ஃபேன்ல இருந்த தூசியை நடைபாதையில உக்காந்து பிரஷ்ஷால தட்டுனோம். அன்னிக்கு அந்தக் கார்டுல ஓடுன கேமுக்கு எத்தனை மார்க் போட்டீங்கண்ணே? கேக்கணும்னு தோணுது, கேக்கல. இங்க எழுதறேன்.

"இவ்வளவு எமோஷன் ஆகணுமா, ஒரு கேம்தானே"ன்னு இப்ப யாரோ டைப் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. ஒரு கேம்தான். அப்புறம் எதுக்குய்யா பத்துக்கு ஒம்பதரைன்னு புள்ளி வெச்சு மார்க் போட்டீங்க?

பிஎஸ்4 டிஸ்க் இப்ப எங்கிட்ட இருக்கு, அல்சூர் பக்கம் யாருக்காவது வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க. காசு வேணாம். கவரோட திருப்பிக் கொடுத்தா போதும்.