அவர் பேச்சை மாற்றவில்லை

நேற்றிலிருந்து அந்த வெட்டிய வீடியோவைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பூமி சூடாவதால் மலைப்பனி குறையும் என்று சொல்லும் ஓர் ஆய்வாளரை ஒரு சேனலில் பேச அழைத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். "பனி குறையும்னு சொன்னீங்களே, இந்த வருஷம் இப்படிக் கொட்டியிருக்கே?" என்று நெறியாளர் கேட்க, அரங்கமே சிரிக்கிறது. அந்த ஆய்வாளர் வாய் திறக்கும் இடத்தில் வீடியோவை நறுக்கிவிட்டார்கள். கீழே வரிசையாக, "வறட்சின்னும் சொல்வாங்க, வெள்ளம்னும் சொல்வாங்க" என்று கமெண்ட்.

அவர் பேச்சை மாற்றவில்லை. பனியே விழாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கோடை வரை மலையில் தங்கும் பனி குறையும் என்றுதான் சொன்னார். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். உச்சியில் குளிர் இருக்கும் வரை ஏதோ ஒரு வருஷம் பனி கொட்டத்தான் செய்யும். கொஞ்சம் கீழே அதுவே மழையாக விழுந்து உடனே ஆற்றில் ஓடிவிடும். வெயில் காலத்தில் மெல்ல உருகி வர வேண்டிய தண்ணீர் குளிர்காலத்திலேயே வந்து போய்விட்டால், முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. இதில் முரண் எங்கே?

கலிபோர்னியாவைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1 அன்று மலைப்பனியில் இருந்த நீர், வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம். 2017 பிப்ரவரியில் அதே மாநிலத்தில் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் பாதை உடைந்து 1,80,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அது கட்டுமானக் கோளாறு என்பீர்கள். கோளாறு இருந்தது உண்மைதான். அவ்வளவு தண்ணீர் வந்து முட்டியதும் உண்மைதானே?

என் தோழி ஒருத்தி இதே வேலையில் இருக்கிறாள். ஒருமுறை அவளோடு மலைக்குப் போனேன். அலுமினியக் குழாயைப் பனிக்குள் செருகி, தரை தட்டும் வரை திருகித் திருகி இறக்கினாள். வெளியே எடுத்ததும் அடிநுனியைத்தான் முதலில் பார்த்தாள். மண் ஒட்டியிருந்தால்தான் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை. கேட்பார் யாருமில்லை, இருந்தும் மறுபடி இறக்கினாள். மண்ணைச் சுரண்டிவிட்டுக் குழாயைத் தராசில் தொங்கவிட்டாள். பனியின் ஆழம் முக்கியமில்லை, உருகினால் எவ்வளவு தண்ணீர் என்பதை எடைதான் சொல்லும். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவின் மவுண்ட் ரோஸ் மலையில் ஜேம்ஸ் சர்ச் தொடங்கிவைத்த முறை இது. அவர் லத்தீன் கற்பித்த பேராசிரியர்!

"நாளைக்கு மழை வருமான்னே தெரியல, முப்பது வருஷம் கழிச்சு நடக்கிறதைச் சொல்றாங்களாம்" என்று சிலர். ஆய்வாளர்கள் சொல்வது பல வருஷச் சராசரியை. ஒரே ஒரு வருஷப் பனியை வைத்து அவரைப் பொய்யர் என்றவர்கள் நீங்கள்தான். "எல்லாம் நிதி வாங்கத்தான்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. அந்தக் குளிரில் ஒருநாள் விரல் விறைக்க நின்றுவிட்டு வந்து பேசுங்கள்.

நேற்று ராத்திரி தோழி போனில் சொன்னாள்: "இனி யார் கூப்பிட்டாலும் மைக் முன்னாடி போக மாட்டேன்." அதுதான் தாங்கவில்லை. உலகில் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்கள் பனியும் பனியாறும் உருகி வரும் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்களை இப்படிச் சிரித்தே வாயடைத்துவிட்டால், அணையை எப்போது திறப்பது என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

முழுப் பேச்சும் அதே சேனலில் இருக்கிறது. கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன். கேட்காமல் இங்கே வந்து சிரிப்புக்குறி போடுகிறவர்கள் நண்பர்களாகவே இருந்தாலும் பிளாக் செய்வேன்.