வூகாமர்ஸ் இலவசம்தான், கடை இலவசமில்லை

"வூகாமர்ஸ் இலவசம், கைக்காசு போடாமல் ஆன்லைன் கடை திறந்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பாதிதான் உண்மை. அது இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் இலவசச் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), சரி. ஆனால் கடையை இணையத்தில் வைக்க ஹோஸ்டிங் (தளத்துக்கான வாடகை சர்வர் இடம்) வேண்டும், டொமைன் (இணைய முகவரி) வேண்டும். முதல் வருடச் சலுகை விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், புதுப்பிக்கும்போது பெரும்பாலும் கூடும். வாங்குபவருக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழை மட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு உண்மையிலேயே இலவசமாகத் தருகிறது.

பலர் கோட்டை விடுவது பேமென்ட் கேட்வே (வாங்குபவரின் பணத்தை ஆன்லைனில் வாங்கி உங்களுக்குச் சேர்க்கும் சேவை) கமிஷனில். 2 சதவீதம் என்றே வையுங்கள்: 1,000க்கு விற்றால் 20 போகும். அது லாபத்தில் அல்ல, விற்பனைத் தொகையில் பிடிப்பது. உங்கள் லாபமே 100 என்றால் ஐந்தில் ஒரு பங்கு காலி. பொருள் திரும்பி வந்தால் வாங்கியவருக்கு முழுப் பணம் தருவீர்கள். பல கேட்வேக்கள் அந்தக் கமிஷனை உங்களுக்குத் திருப்பித் தராது.

அப்புறம் பராமரிப்பு. ஒருநாள் காலையில் என் கடைத் தளத்தில் வேறொரு செருகுநிரலை அப்டேட் செய்தேன். அதற்குப் பிறகு ஆர்டர் பட்டனை அழுத்தினால், ஆர்டர் போகாமல் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததோ சாயங்காலம். இப்போதெல்லாம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு நானே ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.